புழுங்கலரிசியும் இனக்கொள்கையும்: மலாயாவின் நலவாழ்வு வரலாற்றில் ஓர் ஆராய்ச்சி

1. தோற்றுவாய்

ஒரே நிலத்தில் வாழும் மக்களுள் ஓரினத்தார் நோயுற்று மடிய, மற்றோரினத்தார் அந்நோய்க்குத் தப்பி வாழ்தல் உண்டு. அங்ஙனம் காணுமிடத்து அவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது என்னும் வினா எழுதல் இயல்பே. குருதியே காரணம் என்பார் ஒருசாரார். வாழும் முறையும் வாழ்விக்கப்படும் முறையுமே காரணம் என்பார் மற்றொருசாரார். இவ்விரு கொள்கையுள் எதனை ஆட்சியாளர் மேற்கொள்கின்றனர் என்பதைப் பொறுத்தே பல்லாயிரவர் உயிர் நிலைத்தலும் நீங்குதலும் அமைந்தன என்பதை வரலாறு காட்டுகின்றது.

இவ்வினாவை ஆராய்தற்கு மலாயா நாடு சிறந்ததொரு களமாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் மலாய் மக்களும், தகரச் சுரங்கங்களுக்கு வந்த சீனரும், தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட தமிழரும் அங்கே அருகருகே வாழ்ந்தனர். அவர்களை அடைந்த நோய்களோ வெவ்வேறாயின. பெரிபெரி சீனரைக் கொன்றது. மலைக்காய்ச்சல் தமிழரைக் கொன்றது. இவ்விரு நோய்களின் வரலாற்றையும் ஒருங்குவைத்து நோக்கி, இனம் என்பது உடல்நலத்தில் எவ்வளவிற்குக் காரணம், எவ்வளவிற்குக் காரணம் அன்று என்பதைத் தெளிவுபடுத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும். மருத்துவ நூலறிவு எமக்குரிய துறையன்று. எனினும், தமிழர் வாழ்வியலோடும் தமிழ்ச் சொல் வழக்கோடும் இப்பொருள் பிணைந்து கிடத்தலின் யாம் இதனை ஆராயப் புகுந்தோம்.

2. மூன்று இனமும் மூன்று அரிசியும்

பெரிபெரி என்பது கால்கள் மரத்து, வலுவிழந்து, உடல் வீங்கி, இறுதியில் நெஞ்சாங்குலை செயலறுதலால் உயிர் போக்கும் நோய். மலாயாவின் தகரச் சுரங்கங்களில் உழைத்த சீனருட் பல்லாயிரவர் இந்நோயால் மாண்டனர். அதே நாட்டுத் தமிழரிடையே அது மிக அருகியே காணப்பட்டது. சிற்றூர்களில் வாழ்ந்த மலாய் உழவரிடையேயும் அவ்வாறே. இதற்குப் பல காரணங்கள் கற்பிக்கப்பட்டன. ஈரநிலத்தில் எழும் நச்சுக்காற்று என்றனர் சிலர்; தொற்று என்றனர் சிலர்; சீனரின் உடலமைப்பையும் அவர்தம் பழக்க வழக்கங்களையும் குறை கூறினாரும் உளர். நோயுற்றவன்மேலேயே நோயின் பழியையும் ஏற்றும் வழக்கம் அக்காலத்தே வலிவுற்றிருந்தது.

நெகிரி செம்பிலான் மாநிலத்தின் அரசு மருத்துவராகப் பணிபுரிந்த பிராடன் என்பார் இக்கருத்துகளை ஏற்றிலர். அவர் மக்களின் முகத்தை நோக்காது அவர்தம் உண்கலத்தை நோக்கினார். சீனர் உண்டது சயாம் முதலிய நாடுகளின் நீராவி ஆலைகளில் தவிடு முற்றும் நீங்கத் தீட்டப்பட்ட வெள்ளைப் பச்சரிசி. மலாய் உழவர் உண்டது தம் வீட்டில் அவ்வப்போது உரலிலிட்டுக் குத்திய அரிசி. தமிழர் உண்டது தம் தாயகத்து வழக்கப்படி நெல்லை ஊறவைத்து, அவித்து, உலர்த்திக் குத்திய புழுங்கலரிசி. இனம் மூன்றாயினமை போல அரிசியும் மூன்றாயிருந்தது என்பதே பிராடன் கண்ட உண்மை. இதனை அவர் 1907ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருநூலில் விரித்துரைத்தார்.

ஆயினும், அவர் கண்ட காட்சி மெய்யாயினும் கூறிய காரணம் பிழையாயிற்று. தீட்டிய அரிசியில் ஏதோவொரு நஞ்சு தோன்றுகின்றது என்றும், புழுக்குதலால் அஃது ஒழிகின்றது என்றும் அவர் கருதினார். உண்மையில் நோய்க்குக் காரணம் அரிசியில் இருந்த ஒன்றன்று. அரிசியினின்று நீங்கிய ஒன்றேயாம். அதனை உலகம் தெளிவாக அறியப் பின்னும் சில ஆண்டுகள் சென்றன.

3. பிளெச்சரின் ஆய்வும் பின்வந்த ஆய்வுகளும்

1905ஆம் ஆண்டின் இறுதியில் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பெரிபெரி பரவியபோது, வில்லியம் பிளெச்சர் என்னும் மருத்துவர் ஓர் ஆய்வினைத் தொடங்கினார். நோயாளரை உண்ணும் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி எண்ணிட்டார். ஒற்றைப்படை எண்ணினர்க்குச் சயாம் வெள்ளையரிசியும், இரட்டைப்படை எண்ணினர்க்குப் புழுங்கலரிசியும் வழங்கப்பட்டன. இடத்தின் தீங்கோ என்னும் ஐயம் நீங்குதற்பொருட்டு, ஆய்வின் இடையே இரு குழுவினரும் தம் தங்குமிடங்களை ஒருவர்க்கொருவர் மாற்றிக்கொள்ளுமாறு செய்யப்பட்டனர். 1906ஆம் ஆண்டு முடிவில் கண்ட பயன் வியப்பிற்குரியது. வெள்ளையரிசி உண்ட 120 பேருள் கால்பங்கினர்க்கு மேற்பட்டோர் பெரிபெரியுற்றனர்; அவருள் 18 பேர் இறந்தனர். புழுங்கலரிசி உண்ட 123 பேருள் இருவர்க்கே அந்நோய் காணப்பட்டது. அவ்விருவரும் வரும்போதே நோயுடன் வந்தவர். அக்குழுவில் இந்நோயால் இறந்தார் ஒருவருமிலர்.

இவ்வாய்வின் அறிவுச்சிறப்பை யாம் மறுக்கவில்லை. எனினும், அந்தப் பதினெண்மரையும் ஒரு கணம் நினைத்தல் வேண்டும். அவர்கள் தம் இசைவினைத் தெரிவிக்க இயலாத மனநோயர். தாயகம் விட்டு வந்த கூலி மக்களே அவருட் பலர். ஐரோப்பியர் தங்கிய மருத்துவமனையில் இத்தகைய ஆய்வு நிகழ்ந்திருக்குமோ என்னும் வினாவை வரலாற்றாசிரியர் எழுப்பாதிருத்தல் இயலாது. இனவேறுபாட்டைப் பொய்யென்று காட்டிய ஆய்வும் இனவேறுபாட்டின் நிழலிலேயே நிகழ்ந்தது.

அடுத்து, பிரேசர், ஸ்டாண்டன் என்னும் இரு மருத்துவர் செலபு மாவட்டத்துக் காட்டில் சாலையமைக்க வந்த ஏறத்தாழ 300 சாவகத் தொழிலாளரிடையே ஆய்வு நிகழ்த்தினர். வெள்ளையரிசி உண்ட குழுவில் நோய் தோன்றியது. புழுங்கலரிசி உண்ட குழுவில் தோன்றவில்லை. அரிசியை மாற்றியபோது நோயும் இடம் மாறியது. 1909ஆம் ஆண்டில் வெளியான இம்முடிபு இனக்கொள்கையின் வேரை அறுத்தது எனலாம். இவர்கள் சீனருமல்லர், தமிழருமல்லர். ஒரே தீவினின்று வந்த ஒரே இனத்தார். அவரையே ஓர் அரிசி நோயாளராக்கியது. மற்றோர் அரிசி நலமுடையராக்கியது. 1910ஆம் ஆண்டில் மணிலாவிற் கூடிய கீழ்த்திசை வெப்பநாட்டு மருத்துவர் பேரவையும் தீட்டிய வெள்ளையரிசிக்கும் பெரிபெரிக்கும் உள்ள தொடர்பை ஒப்புக்கொண்டது.

சாவகத்தில் எய்க்மான் கோழிகளைக் கொண்டும், வோர்டர்மான் சிறைச்சாலைகளை ஒப்பிட்டும் இதற்கு முன்னரே இவ்வழியிற் சென்றிருந்தனர். 1912ஆம் ஆண்டில் பங்க் என்பார் 'வைட்டமின்' என்னும் சொல்லைப் படைத்தார். 1926ஆம் ஆண்டில் யான்சன், டொனாத் என்னும் இருவர் தவிட்டினின்று அச்சத்தைப் பிரித்தெடுத்தனர். இன்று அது தயமின் எனப்படும். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலும் முளையிலும் உள்ள அச்சத்து நீரிற் கரைந்து அரிசியின் உள்ளே புகுகின்றது. ஆகவே, பின்னர்த் தவிடு நீங்கினும் சத்து முற்றும் நீங்குவதில்லை. நம் மூதாட்டியர் நெல்லவித்த செப்பானையின் அடியில் நிகழ்ந்தது இதுவே.

4. வழக்கு வேறு, குருதி வேறு

தமிழர்க்குப் பெரிபெரி வாராமை தமிழ்க் குருதியின் சிறப்பென்று கொள்ளுதல் பிழையாகும். தென்னிந்தியாவிலேயே வட சர்க்கார் மாவட்டங்களில், ஆலையில் தீட்டிய பச்சரிசியுண்ட மக்களிடையே இந்நோய் நிலைகொண்டிருந்தது. புழுங்கலரிசி உண்ணும் தமிழ் மாவட்டங்களிலோ அஃது அரிதாயிற்று. காத்தது குருதியன்று, சமையற்கட்டின் வழக்கேயாம்.

இங்குச் சொல்லாராய்ச்சியும் நமக்குத் துணைபுரிகின்றது. 'புழுக்கல்' என்னும் சொல் சங்க நூல்களிலேயே பயில்கின்றது. ஆண்டு அது வெந்த சோற்றையும் அவித்த உணவையும் குறிக்கும். 'புழுங்கல்' என இன்று வழங்குவது அவித்துலர்த்திய நெல்லின் அரிசி. இரண்டும் ஒருவேர்ச் சொற்களே. வெம்மையும் ஈரமும் ஒருங்கு சேர்தலே 'புழுங்கு' என்பதன் அடிப்பொருள். தமிழகத்தில் பச்சரிசி வழிபாட்டிற்கும் சடங்கிற்கும் உரியதாய் மேம்பட்டு நின்றது. புழுங்கலரிசி உழைப்பாளியின் உணவாய் நின்றது. உயர்வு தாழ்வு கற்பித்த அவ்வரிசையில் கீழே வைக்கப்பட்ட அரிசியே கடல்கடந்து சென்ற ஏழைத் தமிழரின் உயிரைக் காத்தது என்பது எண்ணி மகிழ்தற்குரியது.

ஓரினத்தாரின் தன்னுணர்வு உடல்நலத்திற்கு எவ்வாறு துணையாகும் என்பதற்கு இஃது ஒரு சான்று. உணவு, மொழி, வழிபாடு ஆகிய மரபுகளை விடாது பற்றிநிற்கும் ஒரு கூட்டம் தான் அறியாமலேயே ஒரு காப்பினைப் பெறுகின்றது. ஆயின், அக்காப்பிற்கு ஓர் எல்லையுண்டு. அடுத்து யாம் காணப்போவது அவ்வெல்லையேயாம்.

5. தோட்டமும் காய்ச்சலும்

பெரிபெரிக்குத் தப்பிய தமிழர் மலைக்காய்ச்சலுக்குத் தப்பவில்லை. 1905ஆம் ஆண்டை ஒட்டி ரப்பர் விலை ஏறத் தொடங்கவே காடுகள் விரைந்து அழிக்கப்பட்டன. நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பல் கப்பலாகத் தொழிலாளர் சென்றனர். திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம், வடஆர்க்காடு முதலிய மாவட்டங்களைச் சார்ந்த அவருட் பெரும்பாலோர் நிலமற்றவர்; ஒடுக்கப்பட்ட சாதியினர் மிகப் பலர். லயத்து வீடுகளில் நெருக்கமாகக் குடியமர்த்தப்பட்ட அவர்களைக் காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும் கொக்கிப்புழுவும் பற்றின. வெறுங்காலுடன் நடந்த மண்ணிலேயே மலங்கழித்தற்கும் வேறிடம் இல்லாதிருந்தமை கொக்கிப்புழு பெருகியதன் காரணமாகும்.

இவ்விறப்புகளுக்குத் தோட்டத்தாரும் அதிகாரிகளுட் சிலரும் கூறிய காரணம் எளியது: வருகின்ற கூலிகள் பிறப்பிலேயே நலிந்த உடலினர், பஞ்சத்தில் அடிபட்டவர், தூய்மை அறியாதவர் என்பதே அது. இக்கூற்றில் ஒரு சிறு மெய்யும் உண்டு. வறுமையுற்றோர் வலிமை குன்றியவரே. ஆனால், அம்மெய்யைக் கொண்டு பெரும்பொய் ஒன்று மறைக்கப்பட்டது.

அதனை வெளிப்படுத்தியவர் மால்கம் வாட்சன். 1901ஆம் ஆண்டில் கிள்ளானுக்கு மருத்துவராக வந்த இவர், அவ்வூரின் சதுப்பு நிலங்களை வடித்துக் காய்ச்சலைக் குறைத்துக் காட்டினார். பின்னர்த் தோட்டந்தோறும் சென்று குழந்தைகளின் மண்ணீரல் வீக்கத்தைத் தொட்டுக் கணக்கெடுத்தார். அவர் கண்டது இது: காட்டினின்று விலகி, நன்கு வடிகாலிட்ட சமநிலத்தில் அமைந்த லயங்களிற் காய்ச்சல் குறைவு, காட்டையும் மலையிடுக்கையும் ஒட்டிய லயங்களில் மிகுதி. இரண்டிடத்தும் வாழ்ந்தவர் ஒரே மாவட்டங்களிலிருந்து வந்த ஒரே தமிழரே. மலைத் தோட்டங்களில் காட்டை வெட்டியபின் காய்ச்சல் குறைதற்கு மாறாகப் பெருகியதும் உண்டு. வெயில்படும் தெளிந்த ஓடைநீரிற் பெருகும் கொசுவினம் ஒன்றே அதற்குக் காரணம் என்பதும் அறியப்பட்டது. செலபுவில் அரிசி மாறியபோது நோய் மாறியமை போலவே, இங்கு லயத்தின் இடம் மாறியபோது நோய் மாறியது. பிறப்பின் நலிவு என்னும் வாதம் இதனாற் பொய்த்தது.

வாட்சனின் நூல் 1911ஆம் ஆண்டில் வெளிவந்தது. வடிகாலிடுதலும் எண்ணெய் தெளித்தலும் படிப்படியாகப் பரவின, இறப்பும் குறைந்தது. ஆயினும், நலம் பேணுதற்குக் காட்டப்பட்ட காரணம் பெரும்பாலும் அறமன்று; நோயாளியான கூலி ஊதியம் தாரான் என்னும் வணிகக் கணக்கேயாம். அன்றியும், தோட்டத்து இறப்புக் கணக்கை முழுதும் நம்புதல் இயலாது. நோய் முற்றி ஊர் திரும்பித் தஞ்சையிலோ திருச்சியிலோ இறந்தவன் மலாயாவின் கணக்கில் இடம்பெறான்.

6. வேறுபாடு ஆட்சிமுறையானமை

நோயின் காரணம் வெளிப்பட்ட பின்னரும் இனவேறுபாடு ஒழியவில்லை. அது ஆட்சிமுறையிலேயே நிலைபெற்றிருந்தது. கோலாலம்பூரில் ஐரோப்பியர்க்கெனத் தனி மருத்துவமனை இருந்தது. துரையின் வீடு மேட்டில் காற்றோட்டமாக அமைய, தொழிலாளரின் லயம் பள்ளத்தில் ஓடையருகே அமைந்த தோட்டங்கள் பல. கூலியும் இனத்தை நோக்கியே வகுக்கப்பட்டது. 1920களின் இறுதியில் இந்தியத் தொழிலாளர்க்கு வகுத்த நாட்கூலி, போக்குவரவு எளிதாக அமைந்த பகுதிகளில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. சீனத் தொழிலாளர் பொதுவாக இதனினும் மிகுதியாகப் பெற்றனர். குறைந்த கூலி குறைந்த உணவாகவும், குறைந்த உணவு குறைந்த வலிவாகவும், குறைந்த வலிவு 'இனத்தின் இயல்பு' என்னும் பழியாகவும் மாறிற்று. பழி மீண்டும் குறைந்த கூலிக்கு நியாயமாயிற்று. இச்சுழலே இனவேறுபாடு உடலிற் புகும் வழியாகும்.

இதனைத் தொழிலாளரே உணர்ந்து எதிர்த்த காலமும் வந்தது. தோட்டத்திலேயே கள்ளுக்கடை வைத்து, கொடுத்த கூலியை அங்கேயே திரும்பப் பெறும் முறை நெடுங்காலம் நிலவியது. 1929ஆம் ஆண்டு இறுதியில் பெரியார் ஈ.வெ.ராமசாமி மலாயாவிற்குச் சென்று வந்தார்; 1932ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு, உதவி பெற்றுச் செல்லும் கூலிக் குடியேற்றத்தைத் தடைசெய்தது. 1946, 1947ஆம் ஆண்டுகளில் கெடா மாநிலத்துத் தோட்டங்களில் தொண்டர் படை என்னும் இளைஞர் அமைப்புக் கள்ளுக்கடைகளை எதிர்த்து எழுந்தது. அரசு அதனை அடக்கியது. தமிழர் என்னும் தன்னுணர்வு, முன்னர் அறியாது பேணிய அரிசி வழக்காக இருந்து, பின்னர் அறிந்தெழுந்த நலவாழ்வு இயக்கமாக வளர்ந்ததை இங்குக் காண்கின்றோம்.

இவற்றிற்கு இடையே 1942, 1943ஆம் ஆண்டுகளின் சயாம் - பர்மா இரயில் பாதைக் கொடுமையும் நிகழ்ந்தது. சப்பானியர் அங்கு 60,000க்கு மேற்பட்ட போர்க்கைதிகளை வருத்தினர். அவருள் 12,000க்கு மேற்பட்டோர் இறந்தனர். ஆசியத் தொழிலாளரின் தொகை இதனினும் பன்மடங்கு. அவருள் மலாயாவினின்று சென்ற தமிழர் பல்லாயிரவர். அவர்தம் இறப்பு விகிதம் கைதிகளின் விகிதத்தினும் மிக உயர்ந்தது. பசியும் உழைப்பும் வாந்திபேதியும் இருசாரார்க்கும் பொது. கைதிகளிடையே அவர்தம் படை மருத்துவரும் கட்டுப்பாடும் இருந்தன. தமிழரிடையே மருத்துவர் இலர், பெயர் எழுதி வைப்பாரும் இலர். ஆகவே, அவருள் எத்துணையர் மாண்டனர் என்பது இன்றுவரை மதிப்பீடாகவே நிற்கின்றது. எண்ணப்படாமையும் ஒரு வேறுபாடேயாம்.

7. ஒப்புநோக்கு

இக்கொள்கைப் போர் மலாயாவிற்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டில் 1896ஆம் ஆண்டில் காப்பீட்டு நிறுவனமொன்றின் கணக்கறிஞர் ஹாப்மன், கறுப்பின மக்களின் மிகுந்த இறப்பிற்கு அவர்தம் இனவியல்பே காரணம் என எழுதினார். 1906ஆம் ஆண்டில் டு பாய்ஸ் என்னும் கறுப்பினப் பேரறிஞர், வறுமையும் வாழிடமும் புறக்கணிப்புமே காரணம் எனப் புள்ளிவிவரங் கொண்டு மறுத்தார். பிளெச்சர் இருவகை அரிசியைப் பரிமாறிய அதே ஆண்டு அது. ஒருவரையொருவர் அறியாத இருவர், உலகின் இருவேறு மூலைகளில், ஒரே உண்மையை நோக்கி நடந்தனர். எனினும், அந்நாட்டிலேயே டஸ்கீகி என்னுமிடத்தில் 1932 முதல் 1972 வரை மேகநோயுற்ற கறுப்பின ஆடவர்க்குத் தக்க மருந்து தாராது நோயின் போக்கைப் பார்த்திருந்த கொடுமையும் நிகழ்ந்தது. உண்மை வெளிப்படுதல் வேறு. அது நடைமுறையாதல் வேறு.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. இனந்தோறும் நோய் வேறுபடுதல் உண்மை. அவ்வேறுபாட்டிற்குக் குருதியே காரணம் எனல் ஆராயாக் கூற்று. அரிசி, நீர், குடியிருப்பு, கூலி, மருத்துவ வசதி ஆகியவற்றை ஆராய்ந்த பின்னரே எஞ்சியது யாதெனக் காணுதல் வேண்டும்.

இம்முடிபு இறந்தகாலத்திற்கு மட்டும் உரியதன்று. இன்றைய மலேசியாவில் நீரிழிவு நோய் ஏனைய பேரினத்தாரினும் இந்திய வழியினரிடையே மிகுந்து காணப்படுகின்றது என அந்நாட்டு நலவாழ்வுக் கணக்கெடுப்புகள் காட்டுகின்றன. 'அஃது அவ்வினத்தின் இயல்பு' என்னும் விடை இன்றும் எளிதிற் கூறப்படுகின்றது. மரபணுவிற்கும் அதிற் பங்கு உண்டாகலாம். ஆயின், தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் நகர்ப்புறக் குடியிருப்புகளிற் போய் அடைந்த மக்களின் உணவும் உழைப்பும் கவலையும் எவை என்று கேளாமுன் அவ்விடையை ஏற்போமாயின், சீனச் சுரங்கத் தொழிலாளியை நோக்கி 'உன் உடலே உன் நோய்' என்று கூறியவரின் வரிசையிலேயே நாமும் நிற்பவராவோம்.

பிராடன் நஞ்சென்று பிழைபடக் கருதினும், உண்கலத்தை நோக்கினார்; ஆதலின் பயன் விளைந்தது. வாட்சன் லயத்தின் அருகில் ஓடிய நீரை நோக்கினார். ஆதலின் உயிர்கள் பிழைத்தன. நோயுற்ற மக்களின் நிறத்தை நோக்காது, அவர்க்கு இடப்பட்ட சோற்றையும் அவர் குடியமர்த்தப்பட்ட நிலத்தையும் நோக்குக என்பதே மலாயாவின் மண்ணில் பெயரறியப்படாது புதைந்த நம்மவரும் சீனரும் நமக்கு விட்டுச்சென்ற பாடமாகும்.